இன்ஜினைத் திறந்தவர்கள் ஏன் திறந்தார்கள்?

குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட், ஸோஹோவின் உலா என்று பெயர்களை அடுக்கினால், பிரவுசர் சந்தையில் போட்டிக்குக் குறைவில்லை என்றே தோன்றும். ஆனால் இணையதளம் அனுப்பும் நிரலைப் படித்து, எந்த எழுத்து எங்கே வர வேண்டும், எந்தப் படம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, திரையில் பக்கமாக வரைந்து காட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் இன்ஜின்தான். ஐபோன், ஐபேடை விட்டுவிட்டால், மேலே சொன்ன ஏழிலும் ஓடுவது ஒரே இன்ஜின்: கூகுளின் பிளிங்க். அதைத் தவிரப் பரவலான புழக்கத்தில் இருப்பவை இரண்டு: ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. இந்த மூன்றின் மூலநிரலையும் யாரும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். 2002-இல் நிலைமை நேர்மாறு. அன்று உலகின் மிகப் பெரும்பாலான கணினிகளில் இருந்தது மைக்ரோசாஃப்ட்டின் மூடிய இன்ஜின். இடைப்பட்ட காலத்தில் நிறுவனங்களுக்குத் தர்ம சிந்தனை ஒன்றும் வந்துவிடவில்லை. பின்தங்கியவருக்கு இன்ஜினைத் திறப்பது லாபம். முந்தியவருக்கு மூடிவைப்பது லாபம், அதுவும் இணையதளங்கள் அவருக்கேற்ப வளைந்து கொடுக்கும்வரைதான். பிரவுசர் வரலாற்றின் பெரிய திருப்பங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் தன் முதல் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் புதிதாக எழுதவில்லை. ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனத்திடம் மொசைக் என்ற பிரவுசரின் நிரலை உரிமம் பெற்று வாங்கியது. விற்பனையில் பங்கு கிடைக்கும் என்று ஸ்பைகிளாஸ் எதிர்பார்த்திருக்க, எக்ஸ்ப்ளோரரை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். 1997-இல் 80 லட்சம் டாலர் கொடுத்துப் பிணக்கைத் தீர்த்தார்கள். பிரவுசரை விற்பது அவர்கள் நோக்கமே அல்ல, விண்டோஸைக் காப்பதுதான் நோக்கம். அதே ஆண்டு வந்த நான்காம் பதிப்பில் டிரைடென்ட் இன்ஜின் நுழைந்தது. எதிரே நின்ற நெட்ஸ்கேப், பிரவுசரை விற்று வளர்ந்த நிறுவனம். இலவசத்தோடு மோத முடியாமல், 1998 ஜனவரியில் மூலநிரலை வெளியிடப்போவதாக அறிவித்து, மார்ச் 31-இல் வெளியிட்டது. வென்றுகொண்டிருந்தபோது பூட்டிவைத்த நிரலைத் தோற்கத் தொடங்கியபோது திறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதிலிருந்துதான் மொசில்லாவும் கெக்கோவும், 2004-இல் ஃபயர்ஃபாக்ஸும் வந்தன.

மூடிய இன்ஜின் சந்தையைப் பிடிக்கத்தானே செய்தது, அப்படியிருக்க மூடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். பிடித்தது உண்மை. ஆனால் பிடித்துக் கொடுத்தது விண்டோஸ். போட்டியாளர் வீழ்ந்த பிறகு மூடிய இன்ஜின் என்ன செய்தது என்று பார்த்தால் குறை தெரியும். 2001-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6-க்கு அடுத்த பதிப்பு 2006-இல்தான் வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இன்ஜினின் பிழைகளை வெளியார் யாரும் திருத்த வழியில்லை. இணையதளங்கள்தாம் பிழைகளுக்கேற்பத் தங்களை மாற்றிக்கொண்டன. தமிழ் வாசகர்களுக்கும் இதில் பங்குண்டு. யூனிகோடு பரவுமுன் செய்தித் தளங்கள் பல, சொந்த எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் டைனமிக் ஃபான்ட் முறையை நம்பியிருந்தன. அதில் மைக்ரோசாஃப்ட்டின் இ.ஓ.டி. வடிவம் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. அதை மட்டும் நம்பிய பக்கம் வேறு பிரவுசரில் புரியாத குறிகளின் குவியலாக வந்து நின்றது.

ஆப்பிளின் முடிவில் வணிகக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். 1997-இல் மைக்ரோசாஃப்ட்டோடு செய்த ஒப்பந்தப்படி, மேக் கணினிகளில் ஐந்து ஆண்டுகளுக்கு எக்ஸ்ப்ளோரர்தான் இயல்பான பிரவுசர். காலம் முடியும் தறுவாயில், தன் கணினியின் இணைய வாசலைப் போட்டியாளர் கையில் விட்டுவைக்க ஆப்பிளுக்கு மனமில்லை. முழு இன்ஜினையும் தானே எழுதப் பொழுதுமில்லை. லினக்ஸ் உலகில் கே.டி.இ. திட்டத்தின் ஆர்வலர்கள் எழுதிய கே.எச்.டி.எம்.எல். இன்ஜின் கண்ணில் பட்டது. அது 1,40,000 வரிகளுக்கும் குறைவு என்பதை, அதைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் ஒன்றாகச் சஃபாரி குழுவின் தலைவர் டான் மெல்டன் 2003 ஜனவரியில் அந்த ஆர்வலர்களுக்கே எழுதினார். அதன் எல்.ஜி.பி.எல். உரிமம் ஆப்பிளுக்கு வாகாக அமைந்தது: இன்ஜினில் செய்யும் திருத்தங்களைப் பொதுவில் தர வேண்டும், அதன் மேல் கட்டும் சஃபாரியை மூடியே வைத்துக்கொள்ளலாம். ஆப்பிள் முதலில் உரிமத்தின் எழுத்தை மட்டும் காப்பாற்றியது. திருத்தங்களை மொத்தமாக அள்ளிப் போட, எது எதற்கான மாற்றம் என்று புரியாமல் கே.டி.இ.காரர்கள் கசந்துபோனார்கள். 2005 ஜூனில்தான் அன்றாட வேலையே பொதுவில் நடக்கும்படி வெப்கிட் திறக்கப்பட்டது. 2008-இல் கூகுள் அதை எடுத்துக் குரோமைக் கட்டியது. ஆப்பிள் தன் போட்டியாளரைத் தானே வளர்த்தது என்று இதைச் சொல்வார்கள். பாதி உண்மை. வெப்கிட் எத்தனை பேர் கையில் இருந்ததோ, அத்தனைக்கு இணையதளங்கள் வெப்கிட்டில் சரியாகத் தெரியும்படி எழுதப்பட்டன. அதன் பலன் ஐபோனுக்குக் கிடைத்தது.

இன்ஜினை மூடிவைத்த மறுபக்கத்துக்கு நார்வேயின் ஓபராவைவிட நல்ல சாட்சி இல்லை. அதன் பிரெஸ்டோ இன்ஜின் மூடியது, ஆனால் மட்டமானதல்ல. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். முறையை 1994-இல் முன்மொழிந்த ஹோகன் வியும் லீதான் அன்று அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தார். நம்மூரின் சாதாரண பட்டன் போன்களில் தமிழ் எழுத்துருவே இல்லாத காலத்தில், ஓபரா மினி தன் சர்வரிலேயே தமிழைப் படமாக வரைந்து அனுப்பியது. அதன் அமைப்புப் பக்கத்தில் பிட்மேப் ஃபான்ட் என்ற ஒரு விருப்பத்தை மாற்றித் தமிழ்த் தளங்களைப் படித்தவர்கள் ஏராளம். இவ்வளவு திறமையும் உதவவில்லை. மொபைல் தளங்களை எழுதியவர்கள் வெப்கிட்டில் மட்டும் சோதித்துவிட்டு நகர்ந்தார்கள். 2012-இல், வெப்கிட் என்ற முன்னொட்டோடு எழுதிய கட்டளைகளைத் தன் இன்ஜினும் ஏற்கும்படி செய்ய வேண்டிய நிலைக்கு ஓபரா வந்தது. 2013 பிப்ரவரியில், 30 கோடிப் பயனாளர்களை எட்டிவிட்டோம் என்ற அறிவிப்போடு சேர்த்தே, பிரெஸ்டோவைக் கைவிடுவதாகவும் அறிவித்தது. தரக் குறைவால் அது போகவில்லை. அடுத்தவர் இன்ஜினின் நெளிவு சுளிவுகளைத் துரத்திப் பிடிக்கும் செலவுதான் அதைச் சாய்த்தது. 2018 டிசம்பரில் அதே முடிவுக்கு மைக்ரோசாஃப்ட்டும் வந்து, எட்ஜின் சொந்த இன்ஜினை விட்டுக் குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்துக்கு மாறியபோது, மூடிய இன்ஜின்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு யாருக்குக் கட்டுப்படியாகும்?

பணம் வேறு இடத்துக்கு நகர்ந்ததும் ஒரு காரணம். தன் தேடுபொறியை இயல்பாக வைத்திருப்பதற்காகக் கூகுள் 2021-இல் மட்டும் பிரவுசர், போன் நிறுவனங்களுக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது கூகுள் மீதான அமெரிக்க ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு. தேடல் பெட்டியில் இவ்வளவு வருமானம் இருக்கும்போது இன்ஜினைப் பூட்டிவைத்து என்ன கிடைக்கும்? அதனால் பூட்டு மேலே ஏறிவிட்டது. வெப்கிட் திறந்தது, ஆனால் ஐபோனில் எந்த பிரவுசரும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி மூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் வந்த பிறகு, 2024-இல், அங்கே அந்த விதி தளர்ந்தது.

நிரல் திறந்திருக்கும்போது கூகுளுக்கு ஏன் அஞ்ச வேண்டும், பிடிக்காவிட்டால் பிரித்தெடுத்துத் தனியே நடத்தலாமே என்பது திறமூல ஆதரவாளர்களின் வாதம். உரிமத்தின்படி அது சரிதான். 2013 ஏப்ரலில் கூகுளே வெப்கிட்டிலிருந்து அப்படிப் பிரிந்துதான் பிளிங்க்கை உருவாக்கியது. தனக்குத் தேவையில்லாததை நீக்குவதிலேயே 7,000-க்கும் மேற்பட்ட கோப்புகள், 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் கழியும் என்று அன்று சொன்னது. அதற்குப் பத்தாண்டு முன் ஆப்பிள் எடுத்த 1,40,000 வரிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிந்துபோகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பிரிந்த பின் பராமரிக்கும் ஆள்பலம் கூகுளைப் போன்ற சிலருக்குத்தான் உண்டு. விளம்பரத் தடுப்பான்கள் பல நம்பியிருந்த பழைய நீட்சி முறையைக் குரோம் கைவிட்டபோது, குரோமியத்தைச் சார்ந்த மற்ற பிரவுசர்களும் அதே வழியில் போக வேண்டும், அல்லது பழையதைத் தங்கள் செலவில் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வந்தது. தன் போக்கில் முடிவெடுக்க முடிந்தது சொந்த இன்ஜின் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸால்தான். அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறது என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று.

இந்திய அரசு நடத்திய பிரவுசர் போட்டியில் 2025-இல் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வென்ற உலாவும் குரோமியத்தின் மேல் கட்டப்பட்டதே. அதற்காக ஸோஹோவைக் குறை சொல்ல மாட்டேன். ஓபராவுக்கு நேர்ந்ததைப் பார்த்த எவரும் அப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் பிரெஸ்டோவை முடித்துவைத்தது கூகுளோ ஆப்பிளோ அல்ல, ஒரே இன்ஜினில் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்த வலைத்தள வடிவமைப்பாளர்கள். கெக்கோவுக்கும் அதே கதி வரக்கூடாது என்றால், செய்ய வேண்டியதைச் செய்யும் இடத்தில் இருப்பவர்களும் அவர்கள்தாம். நீங்கள் இணையதளம் கட்டுபவராக இருந்தால், அடுத்த முறை பக்கத்தை ஒப்படைக்கும் முன் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.