மீஞ்சூர் சாலையில் சூடாகும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

மீஞ்சூர் பக்கம் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை இன்னும் கிளட்ச் மிதித்துக் கியர் போடும் வகைதான். ஆனால் ஆட்டோமேட்டிக்கும் வந்துவிட்டது. ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் 2019இல் 6 கியர் ஆட்டோமேட்டிக்குடன் விற்பனைக்கு வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் வந்தது. இப்படியொரு வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு விளக்கு எரிந்தால், "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பார்க்கணும்" என்ற பதில் சீக்கிரமே கிடைத்துவிடும். அதற்குச் சம்மதிக்காதீர்கள். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை. பல வண்டிகளில் கோளாறு வெளியேதான் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கச் செலவும் குறைவு.

சூடு எங்கிருந்து வருகிறது? ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்ஜினோடு சுழலும் ஒரு சக்கரம் ஆயிலை வீசுகிறது. எதிரே இருக்கும் சக்கரம் அந்த வேகத்தில் சுழல்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது, வித்தியாசத்தில் வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலைச் சூடாக்குகிறது. சீரான வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும். வழுக்கல் நின்று, சூடும் இறங்கும்.

துறைமுகங்களுக்குப் போகும் டிரெய்லர் வரிசையில் லோடோடு ஊர்ந்தால் அந்தப் பூட்டு பெரும்பாலும் விழாது. பழவேற்காடு கடற்கரை மணலில் சக்கரம் புதைந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி போராடினால் சில நிமிடங்களிலேயே ஆயில் ஆபத்தான சூட்டுக்குப் போய்விடும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் மணலில் இறங்குமுன்பே 4எல்-க்கு (நான்கு சக்கர லோ கியருக்கு) மாற்றிவிட வேண்டும். கன்வெர்ட்டரின் சுமை வெகுவாகக் குறையும்.

அடுத்தது அளவு. மூக்கை நம்ப வேண்டாம், ஸ்கேனரை மாட்டி ஆயிலின் வெப்பத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக அது 80 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். லோடோடு ஊர்ந்தால் கொஞ்சம் ஏறும். சுமார் 120-ஐத் தாண்டி நீடித்தால் ஆயில் வேகமாகக் கெடத் தொடங்குகிறது. அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தகடுகளின் பூச்சு கருகும்.

எண் கிடைத்தபின் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எப்போது ஏறுகிறது? இதைச் சோதிக்க மீஞ்சூர்க்காரர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது. நெரிசலான திருவொற்றியூர் – பொன்னேரி சாலையில் ஒருமுறை, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் மட்டும் ஏறி, வெளிவட்டச் சாலையில் இறங்கினால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். சீரான வேகத்திலும் ஏறினால் லாக்-அப் விழவில்லை, அல்லது ஆயில் கூலர் வழியாகச் சரியாக ஓடவில்லை. லோடே இல்லாமல், எங்கே ஓட்டினாலும் ஏறினால் ஆயில் அளவு, ஆயில் வகை, ஒட்டிக்கொண்ட பிரேக், இவற்றுக்குப் பிறகுதான் உள்ளே தேய்ந்த கிளட்ச்.

காற்றோட்டம்தான் இந்த வட்டாரத்தின் தனிப் பிரச்சினை. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும், லாரிகள் கிளப்பும் புழுதியும் கூலரின் மெல்லிய தகடுகளுக்குள் புகுகின்றன. கடல் காற்றின் ஈரமும் கொஞ்சம் ஆயில் பிசுக்கும் சேர்ந்துவிட்டால் அது இறுகிப் படிந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும். அடைப்பு ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். ஃபேனையும் விடக் கூடாது. பல டீசல் பிக்கப்களில் அது சூட்டைப் பொறுத்து இறுகும் கிளட்சோடு வரும். இன்ஜினை நிறுத்திவிட்டு, சூடாக இருக்கும்போதே கையால் சுழற்றினால் இழுத்துப் பிடிப்பது போல் இருக்க வேண்டும். தடையில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் அது தேய்ந்துவிட்டது.

கூலருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கூலர் வேலை செய்யவில்லை. ஆயில் கொதிக்கும்போதும் போகும் குழாய் குளிர்ந்தே இருந்தால் வழியில் அடைப்பு, அல்லது ஆயில் சூடானதும் கூலருக்குத் திறக்க வேண்டிய வால்வு சிக்கிக்கொண்டது.

லாக்-அப்பைச் சோதிக்க வெளிவட்டச் சாலை போதும். வண்டி நன்றாகச் சூடேறியபின், பின்னால் யாரும் நெருங்கி வராதபோது, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். ஆர்பிஎம் முள்ளைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முள் சில நூறு மேலே தாவினால் பூட்டு விழுந்திருந்தது, இப்போது விட்டது. அசையவே இல்லையென்றால் பூட்டு விழவே இல்லை.

ஆயில் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். கம்பெனி சொன்ன வகையைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது; ஹைலக்ஸுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ் என்றால் அதுதான். "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஒரே சிவப்பு ஆயில்" என்பது தவறு. பல புதிய கியர்பாக்ஸ்களில் அளவுக் குச்சி கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பத்துக்கு வந்தபின் அளவுத் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்த அளவு பொய் சொல்லும். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் ஆயில் வெந்துவிட்டது. ஸ்ட்ராபெர்ரி பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம், அல்லது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் போன்ற ஒன்றில் வண்டி மூழ்கி, கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாக நீர் இறங்கியிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள்.

வழியில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி, 'பி'யில் போட்டு, இன்ஜினை உடனே அணைக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டு 1,000-க்குச் சற்று மேலே ஓடவிடுங்கள். பம்ப் ஆயிலைக் கூலருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அணைத்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். இன்ஜினும் சேர்ந்து கொதித்தால் மட்டும் அணைத்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆயில் பானைக் கழற்றலாம். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள், கிளட்ச் பூச்சின் கருப்புத் துணுக்குகள் நிறையக் கிடந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போது மெக்கானிக்கிடம் ஒன்றை எழுதி வாங்குங்கள்: கூலரையும் குழாய்களையும் மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் உள்ளே முழுவதும் அலசித் துடைக்க வேண்டும். பழைய சில்லு அங்கே தங்கியிருந்தால் புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸுக்குள் திரும்ப வந்து அதையும் கெடுத்துவிடும்.