கண்ணாடியில ஏன் பச்சை வெளிச்சம்? வாண்டுகளுக்கு இப்படிச் சொல்லிப்பாருங்க!

வெண்ணந்தூரில் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படியொரு வீட்டில், புதுசாகக் கண்ணாடி போட்ட நாலாம் வகுப்புப் பாப்பா கேட்கிறாள். "தாத்தா, உங்க கண்ணாடியில டியூப்லைட் வெள்ளையாத் தெரியுது. என்னோடதுல மட்டும் ஏன் பச்சையாத் தெரியுது?"

"அது ஏதோ கோட்டிங்காம் கண்ணு, அதுக்குத் தனியா காசு வாங்கிட்டாங்க" என்பதோடு தாத்தா தறிக்குத் திரும்பிவிட்டார். காசு கொடுத்தது எதற்கு என்று நாமாவது சொல்வோம்.

சாதாரணக் கண்ணாடியில் 100 பங்கு வெளிச்சம் விழுந்தால், முன்பக்கத்தில் சுமார் 4 பங்கு திரும்பிவிடும். வெளியேறும்போது பின்பக்கத்தில் இன்னொரு 4. ஆக, கண்ணுக்கு வருவது 92 பங்குதான். திரும்புகிற அந்த 8 பங்குதான் கண்கூச்சம். ராசிபுரம் ரோட்டில் ராத்திரி பைக் ஓட்டும் அப்பாவைக் கேளுங்கள், எதிர்வண்டி ஹெட்லைட் கண்ணாடியில் எப்படிச் சிதறும் என்று சொல்வார்.

இதைத் தடுக்க, கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு ஒன்று பூசுகிறார்கள். தடிமன் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியைக் குறுக்கே எழுநூறு பங்காகப் பிளந்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

சரி, அது எப்படி வெளிச்சத்தைத் தடுக்கும்? கிணற்றில் ரெண்டு கல்லைப் போட்டுப் பாருங்கள் (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்!). ஒரு அலையின் மேடும் இன்னொரு அலையின் பள்ளமும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் அசையாது. வெளிச்சமும் அலைதான். பூச்சின் மேற்பரப்பில் ஓர் அலை திரும்புகிறது. அடியில், கண்ணாடியைத் தொட்டு இன்னொன்று திரும்புகிறது. பூச்சின் தடிமன் அலைநீளத்தில் கால் பங்கு. இரண்டாவது அலை கால் பங்கு இறங்கி, கால் பங்கு ஏறி, அரை அலை தாமதமாக வருகிறது. மேடும் பள்ளமும் மோதி, ரெண்டும் அடங்கிவிடும். அப்படியானால் அந்த வெளிச்சம் காணாமல் போச்சா? இல்லை, திரும்பாத வெளிச்சம் கண்ணாடிக்குள் போய்விடுகிறது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

ஆனால், ஒவ்வொரு நிறத்துக்கும் அலைநீளம் வேறு. ஒரே பூச்சை எல்லா நிறத்துக்கும் கச்சிதமாக வைக்க முடியாது. நடுவில் இருக்கும் பச்சைக்குச் சரியாக வைத்தால், அடங்காத சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதாவாகத் தெரியும். கேமரா லென்ஸில் பார்த்திருப்பீர்கள். இப்போது பல அடுக்குகள் பூசுகிறார்கள். அதிலும் மிஞ்சுகிற துளி வெளிச்சம்தான் பாப்பா பார்த்த பச்சை. மொட்டைமாடி சோலார் பலகை நீலமாக இருப்பதும் இதே கதை. பூச்சு இல்லாத சிலிக்கான் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடும். அதைத் தடுக்கப் பூசிய படலத்தில் மிஞ்சும் நிறம் நீலம்.

இதைக் கண்டுபிடித்ததே பழைய சாமான்களால்தான். 1886-ல் ரேலி பிரபு, பழசாகி மங்கிய கண்ணாடியில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவுவதைக் கவனித்தார். 1938-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட், தண்ணீரில் மிதக்கும் சோப்பு மாதிரியான படலத்தை ஒரு மூலக்கூறு தடிமனில் எடுத்து, கண்ணாடி மேல் 44 அடுக்கு ஒட்டினார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை! கேம்பிரிட்ஜில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். என்ன, அந்தப் படலம் விரலால் தேய்த்தாலே போய்விடும். கெட்டியான பூச்சுகள் பிறகு வந்தன.

கடையில் ஏமாறாமல் இருக்க, லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பிம்பம் பளிச்சென வெள்ளையாக இருந்தால் பூச்சு இல்லை. மங்கலாக, பச்சை அல்லது ஊதாவாக இருந்தால் உண்டு. பூச்சு இல்லாவிட்டால் கண்ணு கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பவர் சரியாக இருப்பதுதான் முக்கியம். பள்ளியில் இலவசமாகத் தந்த கண்ணாடியைப் பிள்ளை தாராளமாகப் போடலாம்.

தறிவீட்டில் பஞ்சுத்தூசி லென்ஸில் படியும். அதைச் சட்டை நுனியால் வறட்டுத் துடையாகத் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, துளி சோப்பு போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் நிற்கும் பைக் சீட் மேல் கண்ணாடியை வைக்காதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் லென்ஸ் விரிகிற அளவுக்குப் பூச்சு விரியாது, வலை வலையாக வெடித்துவிடும்.