வெள்ளத்தின் நடுவே வந்த கோப்பை: சென்னைக்குப் பயிற்சியாளராக வந்த மார்கோ மட்டெராஸி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மக்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதைக்கே வந்துவிட்டது. அதற்கு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 20 அன்று, கோவாவின் ஃபத்தோர்டா மைதானத்தில் சென்னையின் எஃப்சி அணி இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்சியாளர், இத்தாலியரான மார்கோ மட்டெராஸி.

அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான்: 2006 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸின் ஜிடேன் அவரது நெஞ்சில் தலையால் முட்டியது. ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பை அந்த ஒரு நொடியில் அடைத்துவிடுவது நியாயமில்லை. அதிலும் சென்னைக்காரர்கள் அவரை எடைபோட வேண்டியது இங்கே அவர் செய்த வேலையை வைத்துத்தான்.

மட்டெராஸி 1973-ல் லெச்சே நகரில் பிறந்தவர். தந்தை ஜுசெப்பே மட்டெராஸியும் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர். மகனுக்கு எடுத்த எடுப்பில் பெரிய அணி எதுவும் கிடைக்கவில்லை. சிசிலியின் மார்சாலா, த்ராபானி போன்ற சிறிய அணிகளில் ஆடி, பெருஜாவுக்கு வந்து, இடையில் ஒரு பருவம் இங்கிலாந்தின் எவர்ட்டனுக்குப் போய்த் திரும்பினார். 2000-01 பருவத்தில் பெருஜாவுக்காக 12 கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் இத்தாலியின் முதல்நிலை லீக்கில் ஒரே பருவத்தில் 12 கோல் அடித்தது அப்போது பெரிய சாதனை. அதன் பிறகுதான் இண்டர் மிலான் அவரை அழைத்தது. அங்கே பத்தாண்டுகள் ஆடினார். 2010 சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியிலும் இருந்தார்.

2006 உலகக் கோப்பையில் அவர் முதல் பதினொருவரில் ஒருவராகப் போகவில்லை. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவுக்குக் காயம் பட்டதால் மாற்று வீரராக இறங்கினார், கோலும் அடித்தார். ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த இறுதியாட்டத்தில் 7-ஆவது நிமிடத்திலேயே பிரான்ஸுக்கு பெனால்டி போனது. மலூடாவைத் தடுத்த மட்டெராஸிதான் அதற்குக் காரணம் என்பது நடுவரின் முடிவு. அதை ஜிடேன் கோலாக்கினார். பன்னிரண்டே நிமிடத்தில் பிர்லோ அடித்த கார்னருக்கு எகிறி, தலையால் முட்டி, கடனைத் தீர்த்தார் மட்டெராஸி. கூடுதல் நேரத்தில் ஜிடேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பெனால்டி ஷூட்அவுட்டில் மட்டெராஸி தன் பங்கை உள்ளே போட்டார்; இத்தாலி 5-3 என வென்றது. அன்றைய ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது.

சரி, அப்படிப்பட்டவர் சென்னை நேரு ஸ்டேடியம் இருக்கும் பெரியமேட்டுக்கு எப்படி வந்தார்? 2014-ல் தொடங்கிய ஐஎஸ்எல், அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும் குறுகிய தொடராக இருந்தது. அப்போது களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆட முடிந்தது. குறைந்தது ஐந்து இந்தியர் இருக்க வேண்டியிருந்தது. கூட்டம் சேர்க்கப் பெரிய பெயர்கள் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் ஓய்வை எட்டியவர்களுக்கு இந்த மூன்று மாத வேலை பொருத்தமாக இருந்தது. சென்னையின் எஃப்சி மட்டெராஸியை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர அமர்த்தியது. அவர் பயிற்சியாளர் பொறுப்பேற்ற முதல் அணி இதுதான். பிரேசிலின் எலானோ வந்தார். ஓய்வு பெற்றிருந்த நெஸ்டாகூட நண்பருக்காகச் சென்னைச் சட்டை அணிந்தார். பிறகு 2016-ல், அதே உலகக் கோப்பை அணியின் ஜாம்ப்ரோட்டா டெல்லி அணிக்குப் பயிற்சியாளராக வந்தார்.

முதல் ஆண்டே லீக் பட்டியலில் சென்னைக்கு முதலிடம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளா 3-0 என அடித்துவிட்டது. டிசம்பர் 16 அன்று நேரு ஸ்டேடியத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சென்னை மூன்று கோலையும் திருப்பி அடித்தது; மூன்றாவது கோல் கடைசி நிமிடத்தில் மிசோரத்தின் ஜெஜெ லால்பெக்லுவா அடித்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்திலிருந்து போகிறவர்களுக்கு நேரு ஸ்டேடியம் என்றால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடப்பதுதான் வழக்கம். ஆட்டம் நீண்டால் திரும்பும் ரயிலைப் பற்றிய கவலையும் கூடவே வரும். அன்று எழுந்து போக யாருக்கு மனம் வரும்? 117-ஆவது நிமிடத்தில் கேரளாவின் பியர்சன் கோல் போட்டு எல்லாவற்றையும் முடித்துவிட்டார்.

2015-ல் மட்டெராஸி பூட்ஸைக் கழற்றிவிட்டு முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். தொடரின் பாதிக்கு மேல் கடந்த பிறகும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று மூன்றாவது இடத்துக்கு ஏறியது. என்னைக் கேட்டால், பயிற்சியாளராக அவர் செய்த மிகப் பெரிய காரியம் கோப்பையைவிட இந்த நான்கு வெற்றிகள்தான். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஓய்வறையில் வெளிநாட்டவரும் இந்தியரும் ஒருவரையொருவர் குறை சொல்லத் தொடங்கினால் அணி அங்கேயே சிதறிவிடும். அப்படி நடக்கவில்லை. கொலம்பியாவின் மெண்டோசா 13 கோல்களுடன் தொடரிலேயே அதிகக் கோல் அடித்தார். ஜெஜெ வளரும் வீரர் விருது பெற்றார். இந்திய முன்கள வீரர் ஒருவரை நம்பித் தொடர்ந்து இறக்கியதன் பலன் அது.

நகரம் இருந்த நிலையில் அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லை. சொந்த மண் ஆட்டம் புனேவின் பாலேவாடிக்கு மாறியது. முந்தைய ஆண்டின் சாம்பியனான கொல்கத்தாவை அங்கே 3-0 என வென்றார்கள். கொல்கத்தாவில் 2-1 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னேறினார்கள். அந்த வாரத்தில் மேற்குத் தாம்பரத்துத் தெருக்களில் நனைந்த மெத்தைகளும் ஊறிப்போன பாடப்புத்தகங்களும் குவிந்து கிடந்தன. ஆட்டத்தைப் பார்க்க டிவி மிஞ்சாத வீடுகள் ஏராளம்.

இறுதியில் எதிரணி எஃப்சி கோவா. பயிற்சியாளர் பிரேசில் மேதை ஜிகோ. சென்னையின் பெலிஸாரி அடித்த கோலுக்குக் கோவாவின் ஹவோகிப் பதில் கொடுத்தார். மெண்டோசாவின் பெனால்டியைக் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார். 87-ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் கோல், கோவா 2-1. மைதானமே கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90-ஆவது நிமிடத்தில் கட்டிமணியின் கையாலேயே பந்து சொந்த வலைக்குள் போனது. பிறகு 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தில் மெண்டோசா அடித்தார். 3-2.

2016-ல் அணி எட்டில் ஏழாவது. 2017 மார்ச்சில் மட்டெராஸி விடைபெற்றார். முதலிடம், கோப்பை, ஏழாமிடம் என மூன்று ஆண்டில் மூன்று விதம். நீண்ட காலத் திட்டம் போட்டு அணி கட்டுபவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்குள் ஆட்களின் மனத்தைப் பிடித்து, சரிந்ததைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியாளர் அவர். 2015-ல் சென்னைக்குத் தேவைப்பட்டவரும் அத்தகைய ஆள்தான்.

அவருக்குப் பின் வந்த ஜான் கிரெகரியின் கீழ் சென்னையின் எஃப்சி 2018 மார்ச்சில் பெங்களூருவை 3-2 என வீழ்த்தி இரண்டாவது கோப்பையை வென்றது. அந்த இறுதியில் இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ் என்ற தடுப்பாட்டக்காரர். 2015-ல் மட்டெராஸியின் அணியில் ஆடியவர்.