நகைக்குக் கொக்கியும் மணியிலேயே

மணிக் கடைக்கு முதன்முறை போகிறவரைக் குழப்புவது எண்தான். பொட்டலத்தில் 8 என்று போட்டிருந்தால் பெரிய மணி. 11 அதைவிடச் சிறியது. 15 இன்னும் பொடி. 11-ஆம் எண் மணியின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். 15-ஆம் எண் ஒன்றரைதான். கடைகளில் சீட் பீட்ஸ் என்று விற்கப்படும் இந்தக் கண்ணாடிப் பாசியை நம் ஊரில் பெரும்பாலும் ஆரி வேலைக்கும் சரம் கோப்பதற்கும் வாங்குகிறார்கள். சரம் முடிந்ததும் இரு முனையிலும் ஓர் உலோகக் கொக்கியை மாட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. அந்தக் கொக்கியில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குப் பிடரியில் அரிப்பும் தடிப்பும் வரும்.

அந்தக் கொக்கியையே மணியில் பின்னிவிடலாம். கொக்கி மட்டுமல்ல, கல்லைப் பிடிக்கும் கூடு, பதக்கம் தொங்கும் வளையம் என ஒரு நகையின் உறுப்புகள் பலவும் ஊசி நூலால் வீட்டிலேயே உருவாகும்.

கற்றுக்கொள்ள ஏற்றது பெயோட் பின்னல். 12 மணியைக் கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஊசியில் ஒரு மணி எடுத்து, கோத்த மணிகளில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குள் நுழைய வேண்டும். இப்படியே போகப் போக, ஓரம் பல்வரிசை மாதிரி ஏற்ற இறக்கமாக வரும். இரு பக்கவாட்டு ஓரங்களிலும் ஆறாறு மணி சேர்ந்ததும் பட்டையைச் சுருட்டினால், முதல் வரிசைப் பற்களும் கடைசி வரிசைப் பற்களும் கச்சிதமாகப் பொருந்தும். நூலால் இணைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சற்று மேலான, கெட்டியான குழல் கிடைக்கும். அதுதான் கொக்கியின் குச்சி. சரத்தின் மறுமுனைக்கு இதே பின்னலில் ஒரு வளையம்; குச்சியை அதற்குள் நுழைத்தால் கொக்கி மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குச்சி ஒரு நுனி முன்னாகச் சாய்ந்து நுழையும் அளவுக்கு வளையத்தின் துளை பெரிதாக இருக்க வேண்டும், படுக்கைவாட்டில் நழுவி வராத அளவுக்குச் சிறிதாகவும் இருக்க வேண்டும். துளை குச்சி நீளத்தில் ஏறக்குறையப் பாதி என்றால் சரி. குச்சியின் நடுவில் நாலைந்து மணியில் ஒரு காம்பு விட வேண்டும். காம்பு குட்டையானால் குச்சி சாயாது, கொக்கியும் மாட்டாது. புதிதாகப் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் காம்பில்தான்.

கல் கூட்டுக்கும் அதே பின்னல்தான், வட்டமாக. முன்னும் பின்னும் கூம்பிய ரிவோலி கல்லை ஒட்டுவது கடினம், கூட்டில் உட்கார வைப்பது எளிது. 12 மில்லிமீட்டர் கல்லுக்கு 11-ஆம் எண் உருளை மணி 36 போதும். இரு பக்கமும் 15-ஆம் எண் மணியால் இறுக்கினால் பசையே வேண்டாம். இவ்வகைக் கல்லுக்குப் பேர்போன சுவரோவ்ஸ்கி, கைவினைஞர்களுக்கு உதிரிக் கல் விற்பதை 2020-க்குப் பிறகு நிறுத்திக்கொண்டது. இப்போது பலரும் செக் நாட்டுப் பிரெசியோசா கற்களை நாடுகிறார்கள்.

மணி ஒரே அளவாக இல்லாவிட்டால் இத்தனையும் வீண். சரத்தில் மறைந்துபோகும் கோணல் பின்னலில் பளிச்சென்று தெரியும். ஜப்பானின் மியூக்கி, டோஹோ நிறுவனங்களின் உருளை மணிகளுக்கு மவுசு அதனால்தான்; துளையும் பெரிது, நூல் மூன்று நான்கு முறை போகும். மலிவு மணியில் துளை குறுகலாக இருக்கும். ஊசியை வலுவில் தள்ளினால் மணி உடையும். வாங்கியதும் தட்டில் கொட்டிப் பொறுக்குவது அலுப்பான வேலைதான், ஆனால் தப்பிக்க வழியில்லை.

உருக்கிய கண்ணாடியை நடுவே துளையுள்ள குழலாக இழுத்துத் துண்டு போடுவதே இந்த மணிகளின் தயாரிப்பு முறை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இழுத்த குழலில் மணி செய்தார்கள். தென்கிழக்காசியா வரை கிடைக்கும் அவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் சூட்டியவர் ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறை அண்மைக்காலம் வரை கைத்தொழிலாக நீடித்தது.

நூலுக்குப் பின்னல் தூண்டில் இழையே சிறந்தது. தையல் நூலைக் கண்ணாடி விளிம்பு அறுத்துவிடும். வண்ணத்தில் எச்சரிக்கை வேண்டும். சாயமேற்றிய இளஞ்சிவப்பும் ஊதாவும் வியர்வையிலும் வெயிலிலும் வெளுக்கும். நகப்பூச்சு நீக்கியில் நாலு மணியை ஊறப்போட்டாலே குட்டு வெளிப்படும்.

ஆசை வந்தவர்கள் எடுத்த எடுப்பில் 15-க்குப் போகாதீர்கள். 8-ஆம் எண் மணியில், இரண்டு நிறத்தில், ஒரு குச்சி பின்னிப் பாருங்கள். விற்க ஆரம்பித்தால் மணி, நூல் விலையோடு, பின்ன ஆன நேரத்தையும் குறித்துவைத்து விலை சொல்லுங்கள். பொருட்செலவைவிடக் கூலிதான் இதில் பெரிது.