தெரியும், ஆனால் ஞாபகமில்லை

ஏற்காட்டுக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று சேலத்துக்காரர் ஒருவரைக் கேளுங்கள். "இருபது" என்று பட்டென்று பதில் வரும். முதன்முதலில் எப்போது மலை ஏறினீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் தாமதிப்பார். பிறகு பள்ளிக்கூடச் சுற்றுலா, ஜன்னலோர சீட்டுக்கு நடந்த சண்டை, பாதி வழியில் வாந்தி, யாரோ கையில் திணித்த எலுமிச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக வெளிவரும்.

முதலாவது அவருக்குத் 'தெரியும்'. இரண்டாவது 'ஞாபகம் இருக்கிறது'. நாம் சர்வசாதாரணமாகப் பிரித்துப் பேசும் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து 1972-ல் எழுதியவர், எஸ்தோனியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் எண்டல் டல்விங்.

அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களில் 'கே.சி.' என்று அழைக்கப்பட்டவர் முக்கியமானவர். 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் பலத்த அடி. குடும்பத்துக்குக் கோடை வீடு ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். வரைபடத்தில் இடத்தையும் காட்டுவார். அங்கே கழித்த ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றால், எதுவும் வராது. நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றாலும் அதே வெறுமைதான்.

காரணம், ஒரு நிகழ்வு மூளையில் ஒரே இடத்தில் மொத்தமாக இருப்பதில்லை. முகம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், வாசனை இன்னொரு பக்கம். இவற்றைக் கோத்து வைக்கும் நூல், காதுக்கு நேர் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ். ஒரு முனையைத் தொட்டால் மற்றவையும் இழுபட்டு வரும். கோடை மழைக்குப் பின் ஏற்காட்டில் காப்பிப் பூ மணக்கும்போது எப்போதோ போன பயணம் திரும்பி வருவது இப்படித்தான். கே.சி.க்கு அந்த நூல் அறுந்துபோயிருந்தது.

நேர்மாறான நோயும் உண்டு. நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப்பகுதியான பொட்டுமடலின் முன்பகுதி சுருங்கும் ஒருவகை மறதிநோயில், போன வாரம் ஏரிக்குப் போனது ஞாபகம் இருக்கலாம். படகு என்றால் என்ன என்பது தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் மூளைக்குள் இரண்டு அலமாரிகளா? எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. ஸ்கேன் படங்களில் இரண்டு வேலைக்கும் விழித்துக்கொள்ளும் பகுதிகள் நிறையவே ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்கிறது. தினமும் ஏறி இறங்கும் பஸ் டிரைவருக்கு அத்தனை வளைவும் அத்துப்படி. போன மாதத்துப் பயணங்களில் ஒன்றைக்கூடத் தனியாகச் சொல்ல முடியாது. பனிமூட்டத்தில் காட்டெருமை குறுக்கே வந்து நின்ற அந்த ஒரு மாலையைத் தவிர.