நெட் இல்லாவிட்டாலும் லேன் உண்டு

சென்ற மழைக்காலத்தில் எங்கள் பள்ளிக்கு இணைய இணைப்பு நான்கு நாட்கள் வரவில்லை. "நெட் இல்லை, அதனால் லேப் இல்லை" என்று எட்டாம் வகுப்பு மாணவர்களைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மாணவி கேட்டாள்: "நெட் வெளியிலிருந்துதானே வருது சார்? கம்ப்யூட்டர் எல்லாம் இங்கேயேதானே இருக்கு?" பதில் தேடியபோதுதான் என் தவறு புரிந்தது.

ஆய்வகக் கணினிகள் கேபிள் வழியாக ஸ்விட்ச் என்ற பெட்டியில் இணைந்துள்ளன. இது லேன், அதாவது குறும்பரப்பு வலையமைப்பு. ஓர் அறை அல்லது ஒரு வளாகம்தான் இதன் எல்லை. வழக்கமான செம்புக் கேபிள் ஒன்றின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வெவ்வேறு ஊர்களிலுள்ள லேன்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்ணாடியிழை, செயற்கைக்கோள் வழியாக இணைப்பது வேன், அதாவது விரிபரப்பு வலையமைப்பு. அவற்றுள் மிகப் பெரியது இணையம். லேனுக்கும் வேனுக்கும் இடையே வாசலாக இருப்பது ரூட்டர்.

மாணவர்களுக்கு இப்படி விளக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்குச் சுற்றறிக்கை செல்ல ஒரு மாணவர் போதும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் என்றால், அலுவலக அறையில் பதிந்து தபாலில் சேர்க்க வேண்டும். கணினியும் அவ்வாறே செய்கிறது. தகவல் சேர வேண்டிய முகவரி தன் வலையமைப்புக்குள் இருந்தால், ஸ்விட்ச் வழியே நேராக அனுப்புகிறது. வெளியே இருந்தால் ரூட்டரிடம் ஒப்படைக்கிறது. தபால் வராத நாளில் வகுப்புகளுக்குள் சுற்றறிக்கை நின்றுவிடுமா?

ஆகவே, "நெட் இல்லை" என்றதும் ஆய்வகத்தைப் பூட்ட வேண்டாம். சர்வரில் உள்ள பொதுக் கோப்புறையை மாணவர் கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் லேன் நன்றாக உள்ளது. பழுது ரூட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கலாம். ஒரு கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால், முதலில் அதன் கேபிளைப் பாருங்கள். எதிலுமே திறக்கவில்லை என்றால் ஸ்விட்சையும் சர்வரையும் பாருங்கள்.

இணையதளங்கள் அப்போது திறக்காதுதான். ஆனால் முன்பே சர்வரில் சேமித்த காணொலிகள், பயிற்சித்தாள்கள், மாணவர் செய்த கோப்புகள் எல்லாம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வாரப் பாடத்துக்கானவற்றைச் சர்வரில் ஏற்றிவிடுகிறேன்.

அண்மையில் மீண்டும் இணைப்பு துண்டானது. அன்றும் எட்டாம் வகுப்புக்கு ஆய்வக வகுப்பு நடந்தது. ஸ்விட்ச், சர்வர், ரூட்டரை வரைபடமாகக் கரும்பலகையில் வரைந்து விளக்கியவள் அந்த மாணவிதான்.