முடிச்சுப் போட்ட கை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிடிட்ஸ் என்றொரு சிற்றூர். ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861இல் அங்கே முடிச்சு வடிவத் தின்பண்டமான ப்ரெட்சலின் மொறுமொறு வகைக்கென்றே ஒரு பேக்கரி தொடங்கினார். ஜெர்மன் வழிவந்த குடும்பங்கள் அதுவரை சுட்டுவந்தது மெத்தென்ற ப்ரெட்சல். சூடு ஆறுமுன் தின்றால்தான் ருசி, மறுநாள் ரப்பராகிவிடும். சுட்டதை மீண்டும் இளஞ்சூட்டில் உலர்த்தி ஈரத்தை வாங்கிவிட்டால் நாள்பட்டாலும் கெடாது. ப்ரெட்சல் ஊர் தாண்டி விலைபோனதற்கு இந்த உலர்த்தல்தான் காரணம் என்பேன்.

முறுக்குவது அன்று கைவேலை. மாவைக் கயிறாக உருட்டி, இரு நுனிகளையும் குறுக்கே போட்டு ஒரு முறுக்கு முறுக்கி, மடித்து வளைவில் ஒட்டுவார்கள். பிறகு காரக் கரைசலில் ஒரு முக்கு. பளபளக்கும் பழுப்பும் தனி மணமும் அதில்தான் வருகின்றன. தேர்ந்த கை நிமிடத்துக்கு 40 வரை முறுக்கும். ரெடிங் நகரின் ப்ரெட்சல் மெஷினரி கம்பெனி 1935இல் கொண்டுவந்த இயந்திரம் 245 முறுக்கியது.

இன்றைய சிறு ப்ரெட்சல்களில் பலவற்றை இயந்திரம்கூட முறுக்குவதில்லை. முடிச்சு வடிவத்தில் துளையிட்ட அச்சு வழியே மாவைப் பிதுக்கி, வெளிவர வர அறுத்துவிடுகிறார்கள். பாக்கெட்டைப் பிரித்து ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். முறுக்கியதாக இருந்தால் ஓர் இழை இன்னொன்றின் மேல் ஏறி இறங்கும், ஏறிய இடம் தடித்திருக்கும். அச்சில் வந்ததில் மேலிழையும் இல்லை, கீழிழையும் இல்லை. எங்கும் ஒரே தட்டை. கைமுறுக்கும் அச்சு முறுக்கும் தின்று பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். மெல்லிய பக்கம் பொடிந்து, தடித்த பக்கம் பல்லுக்கு வேலை வைக்கும் அந்தச் சுகம் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பு.

எல்லாமே இழப்பு என்று சொல்லமாட்டேன். அதே மாநிலத்து ஹேனோவர் ஊரில் 1909இல் தோன்றிய ஸ்னைடர்ஸ் என்ற ப்ரெட்சல் நிறுவனம், லான்ஸ் நிறுவனத்தோடு இணைந்து, 2018இல் கேம்பல் சூப் கம்பெனியின் கைக்குப் போனது. விலை ஏறத்தாழ 490 கோடி டாலர். அதன் பேர்போன சரக்குகளில் ஒன்று, தேனும் கடுகும் வெங்காயமும் சேர்ந்த மசாலா தடவிய உடைந்த துண்டுகள். முழு முடிச்சுக்காகவே கூலி கொடுத்த தொழிலில் உடைசலைக் கேட்டு வாங்குகிறார்கள். ருசியும் அபாரம். உடைந்த முகத்தின் சொரசொரப்பில் மசாலா நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டர்ஜிஸின் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மாவை முறுக்கிப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு போகிறார்கள். அருகிலுள்ள அக்ரான் ஊரில் மார்ட்டின்ஸ் பேக்கரியிலோ விற்பனைக்கே கையால் உருட்டி முறுக்குகிறார்கள். அந்தப் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.